சோழர் குலத்துப் பெரிய பாட்டியார்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் பெரிதும் தயங்கினோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளியை விட்டு நீங்கி, இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றி வருகின்றோம். கல்வெட்டுப் புலமையோ வரலாற்றுப் பட்டமோ எமக்கு இல்லை. எனினும், பாட்டியார் ஒருவரைப் பற்றி எழுதப் பேரப்பிள்ளைக்குப் பட்டம் எதற்கு என்று எண்ணித் துணிந்தோம்.

யாம் எழுத எடுத்துக்கொண்ட பாட்டியார், கண்டராதித்த சோழரின் தேவியாரும், உத்தம சோழனின் அன்னையாரும், முதலாம் இராசராசனுக்குப் பெரிய பாட்டியாருமான செம்பியன் மாதேவியார் ஆவர். ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அப்பேரரசியாரின் பெருமையை, கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் ஈரறை வீட்டில் வாழ்ந்து மறைந்த எம் அப்பாயி வாயிலாகவே யாம் உணர்ந்துகொண்டோம். ஆதலின் அவரிடமிருந்தே தொடங்குகின்றோம்.

எம் அப்பாயி

எம் பாட்டனார் ஆடுதுறைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து, இரயில்வே தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் கரக்பூருக்கு வந்தவர். அப்பாயி 1957ஆம் ஆண்டில் ஒரு டிரங்குப் பெட்டியோடும், ஒரு குத்துவிளக்கோடும், இடுப்பில் எம் தந்தையாரோடும் அவரிடம் வந்து சேர்ந்தார். எழுத்தறியாதவர், ஆனால் ஒருமுறை கேட்டதை மறவாதவர். அடுப்படியில் எவர் பசித்து வந்து நின்றாலும், தமக்கு இல்லையாயினும் அவர் இலையில் இட்டு மகிழ்வார்.

குடியிருப்பின் அரசமரத்தடியில் சிறியதொரு பிள்ளையார் கோயில் இருந்தது. மார்கழி முழுவதும் விடியலுக்கு முன் அங்கு விளக்கேற்றுவதை அப்பாயி தம் கடமையாக மேற்கொண்டார். ஒரு தொழிலாளியின் ஊதியத்தில் மாதம் முழுதுக்குமான எண்ணெய்க்கு வழியேது? வீடுதோறும் சென்று கேட்பார். எவர் எது கொடுப்பினும், அதனை அன்றே பாட்டனாரைக் கொண்டு ஒரு கணக்கு நோட்டில் எழுதச் செய்வார். கொடுத்தவர் பெயர், அவர் வீடு, கொடுத்த பொருள் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். கேபின்காரர் வீட்டு நல்லெண்ணெய் அரைச் சேரும், தெலுங்குக் கார்டு வீட்டம்மாள் தந்த இரண்டு தேங்காயும், கணவனை இழந்து மூன்றாம் வரிசையில் வாழ்ந்த தாய் ஒருத்தி திரித்துத் தந்த விளக்குத் திரியும் அந்நோட்டில் ஒரே அளவான எழுத்தில் இடம்பெற்றிருந்தன. 1958ஆம் ஆண்டில் தொடங்கிய கணக்கு அது.

ஒவ்வோர் ஆண்டும் மார்கழி முதல் நாள் விளக்கேற்றுமுன், நோட்டு முழுவதையும் ஒருவர் உரக்கப் படித்தல் வேண்டும். கொடுத்தவருள் பலர் மாற்றலாகியும், ஓய்வு பெற்றும், மறைந்தும் போயிருப்பர். போனவர் பெயரை எதற்குப் படிக்க வேண்டும் என்று யாரேனும் கேட்டால், "ஆளு போனா என்ன? அவுங்க குடுத்த எண்ணெய் எரிஞ்சுதில்ல?" என்பார் அப்பாயி. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக் கற்ற பின், 9ஆம் வயது முதல் அந்நோட்டைப் படிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. அதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம். இப்போது சோழ நாட்டிற்குச் செல்வோம்.

மழவர் மகளார்

கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய 'பொன்னியின் செல்வன்' வாயிலாகவும், 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் வாயிலாகவும் செம்பியன் மாதேவியார் பெயரைப் பலரும் கேட்டிருப்பர். கதையிற் கண்டதை ஒருபுறம் வைத்துவிட்டு, கல்லிற் கண்டதை இங்குக் காண்போம்.

அவர் மழவரையர் குலத்தில் தோன்றியவர். முதற் பராந்தக சோழனின் மகனான கண்டராதித்தரை மணந்தார். கி.பி. 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் மூத்த இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான். அதன்பின் சோழர் குலத்தின் சுமை கண்டராதித்தர் தோளில் ஏறியது. அவர் வாளினும் வழிபாட்டில் மனம் தோய்ந்த மன்னர். தில்லைக் கூத்தன்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம் பெற்றுள்ளது. 'மேற்கெழுந்தருளின தேவர்' என்று கல்வெட்டுகள் அவரைச் சுட்டும்.

கி.பி. 957ஐ ஒட்டிக் கண்டராதித்தர் மறைந்தபோது, மகன் உத்தம சோழன் அரசேற்கும் வயதினன் அல்லன். எனவே அரசுரிமை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்கும், பின்னர் அவன் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது. கையில் குழந்தையும் எதிரில் நெடிய கைம்மையும் கொண்டு அரண்மனையில் நின்றார் மாதேவியார். அவர் பெயர் கல்வெட்டுகளில் கி.பி. 1001 வரை காணப்படுகின்றது. அக்கைம்மை ஏறத்தாழ 44 ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஆண்டுகளில் அக்குடும்பம் கண்ட துயரங்கள் பல. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் வஞ்சகத்தால் கொலையுண்டான். சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் மறைய, அவன் தேவி வானவன் மாதேவி தன் மகவையும் பிரிந்து கணவனுடன் தீப்புகுந்தாள். திருக்கோவலூர்க் கல்வெட்டு இதனைக் கூறுகின்றது. தாய் தந்தையரை இழந்த குந்தவையையும், பின்னாளில் இராசராசன் எனப் புகழ்பெற்ற அருள்மொழியையும் பெரிய பாட்டியாரே அரவணைத்து வளர்த்திருத்தல் வேண்டும் என்று வரலாற்றாசிரியர் கருதுவர்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆதித்தன் மறைவுக்குப் பின் அரியணை ஏறியவன் மாதேவியாரின் மகன் உத்தம சோழன். அக்கொலையில் அவனுக்குப் பங்குண்டோ என நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார்; பங்கில்லை எனச் சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். அவ்வழக்கைத் தீர்க்க யாம் முற்படவில்லை. ஆனால் ஒரு வீட்டின் நிலையை நினைத்துப் பார்க்கின்றோம். ஒருபுறம் தம் வயிற்றுப் பிள்ளை. மறுபுறம் அண்ணனைப் பறிகொடுத்த பேரப்பிள்ளைகள். இடையில் நின்றவர் இம்மூதாட்டியார். இத்தகைய இடத்தில் எத்தனை குலங்கள் இரண்டாகப் பிளந்து அழிந்துள்ளன! சோழர் குலம் பிளவுபடவில்லை. தம் சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை அருள்மொழி அதனை மனத்தாலும் விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். கி.பி. 985இல் இராசராசன் அரசேற்ற பின்னரும் பெரிய பாட்டியாரின் திருப்பணிகள் தடையின்றி நடந்தன. உத்தம சோழனின் மகனான மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசனின் கீழ்க் கோயில் காரியங்களை ஆராயும் அதிகாரியாக விளங்கினான். பாட்டனாரின் பெயரைத் தாங்கிய அப்பேரன், பாட்டியார் போற்றிய தொண்டையே தன் வேலையாகப் பெற்றான்.

'தம்முடையார்'

மாதேவியார் தம் துயரத்தைத் தொண்டாக மாற்றியவர். அந்நாளில் காவிரிக் கரையின் பாடல்பெற்ற கோயில்கள் பல செங்கல்லால் ஆனவை. மழையும் வெள்ளமும் அவற்றை அரித்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கருங்கல்லால் கட்டுவித்தார் அவர். இரயில்வேக்காரர்க்கு எளிதில் விளங்குமாறு சொல்வதாயின், தஞ்சாவூர் – மயிலாடுதுறைப் பாதையில் ஆடுதுறையில் இறங்கினால் அவர் எழுப்பிய கற்றளி ஒன்று. குத்தாலத்தில் இறங்கினால் மற்றொன்று. திருவாரூர்ப் பெருங்கோயிலுக்குள் இருக்கும் அரநெறி அவருடையது. சென்னை – திருச்சிப் பாதையில் நள்ளிரவில் நாம் தேநீர் குடித்துச் செல்லும் விருத்தாசலத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. கருவறைப் புறச்சுவரில் ஆடவல்லான் திருவுருவத்திற்கென மாடம் அமைக்கும் வழக்கம் இவர் கோயில்களில்தான் சிறப்புற்றது. கணவர் பாடிய தில்லைக் கூத்தனை, மனைவியார் ஊர்தோறும் கல்லில் நிறுத்தினார்.

கும்பகோணத்திற்குக் கிழக்கே கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில், இதற்கு உருக்கமான சான்று ஒன்று உள்ளது. அங்குக் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடுவதுபோன்ற புடைச்சிற்பம் ஒன்று சுவரில் இருக்கின்றது. தம் மகனார் உத்தம சோழர் அரசு செய்யும் நாளில், 'தம்முடையார்' கண்டராதித்த தேவர் திருநாமத்தால் இக்கற்றளியை எடுப்பித்து, அவர் இறைவனைத் தொழுகின்றவராக இவ்வுருவத்தையும் அமைத்தார் மாதேவியார் என்று அதன்கீழுள்ள கல்வெட்டு கூறுகின்றது. மன்னர் என்னாது, தம்முடையார் என்ற அச்சொல்லில் எத்துணை நெருக்கம்! கணவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் 'தம்முடையார்' ஆகவே இருந்தார். அக்கோயிலைக் கட்டிய தலைவனான ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனையும் அவர் மறக்கவில்லை. அவன் பெயரும் அவனுக்கு அளித்த பட்டமும் அங்கே பொறிக்கப்பட்டன.

பழங்கற்படி

இனி, இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டிய செய்திக்கு வருகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன், விடுமுறையில் குடும்பத்துடன் பாட்டனார் ஊருக்குச் சென்றோம். ஆடுதுறையில் இறங்கி, காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிக்காவலுக்கும் போனோம். அங்குள்ள கற்றளியும் மாதேவியார் எடுப்பித்ததே. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அன்று அங்கு வந்திருந்தார். சுவரில் விரலை வைத்து அவர் மெல்லப் படித்துக் காட்டினார். பல கல்வெட்டுகளில், 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்னும் தொடர் வந்தது. அதன் பொருளை அவர் விளக்கினார்.

பழைய கோயிலில் முன்னோர் அளித்த பொன்னும் நிலமும் விளக்கும் பற்றிய சாசனங்கள் ஆங்காங்கே கற்களில் வெட்டப்பட்டிருந்தன. கோயிலைப் பிரித்துப் புதுக்கும்போது அக்கற்கள் பயனற்றுப் போய்விடும். புதிய கோயிலை எடுப்பிப்பவர் தம் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டு, பழையனவற்றை மண்ணில் தள்ளிவிட்டிருக்கலாம். தடுப்பார் யார்? ஆனால் மாதேவியார் காலத்தில் அப்பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்து, அதன் பின்னரே பழங்கற்களை விலக்கினர். அவ்வாறு வெட்டியவை பழைய கல்லின் படியே என்பதையும் ஒளியாது குறித்தனர்.

அக்கொடைகள் யாருடைய காலத்தவை? நந்திவர்மன், நிருபதுங்கன் முதலிய பல்லவ மன்னர் காலத்துக் கொடைகள் அவற்றில் உண்டு. பாண்டியர் காலத்துக் கொடைகளும் உண்டு. பல்லவர் ஆட்சியை வீழ்த்தியே சோழர் எழுந்தனர். மாதேவியாரின் மாமனார் பராந்தகனோ 'மதுரை கொண்டவன்' எனப் பட்டம் பூண்டவன். அத்தகைய குலத்து மருமகளார், பகைவர் ஆண்ட நாளில் எவரோ ஏற்றிவைத்த விளக்கின் கணக்கையும் தம் சுவரில் தாங்கிக்கொண்டார். கொடுத்தவர் யாராயினும் அவர் கொடுத்த நெய் இறைவன் முன் எரிந்தது அன்றோ?

இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியபோது, தான் கொடுத்தவற்றுடன் தமக்கையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் ஸ்ரீவிமானத்தில் கல்வெட்டுமாறு பணித்தான். இப்பண்பைப் பேரன் பெரிய பாட்டியாரிடமிருந்தே கற்றிருப்பான் என்று யாம் கருதுகின்றோம்.

விடுபட்ட பெயர்கள்

அச்சுவரின் முன் யாம் தலைகுனிந்து நின்றோம். வழிபாட்டினால் அன்று, நாணத்தினால்.

1991ஆம் ஆண்டில், எமக்கு 12 வயதாகும்போது, அப்பாயியின் நோட்டுக் கறையான் அரித்து, தாள்கள் உதிரத் தொடங்கின. அப்பாயி புது நோட்டு ஒன்று வாங்கி எம்மிடம் தந்து, "ஒரு எழுத்து விடாம எழுதிக் குடு ராசா" என்றார். எமக்கோ வெளியில் நண்பர்கள் பந்தும் மட்டையுமாகக் காத்திருந்தனர். ஊரைவிட்டுப் போனவர், யாம் அறியாதவர், திரியும் கற்பூரமும் போன்ற சிறு பொருள் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்களை எல்லாம் தாண்டித் தாண்டி எழுதினோம். எழுதி முடித்ததும் பழைய நோட்டைப் பழைய தாள் வாங்குபவனிடம் போட்டுவிட்டோம். அப்பாயி புது நோட்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "என்ன ராசா, நோட்டு இளைச்சுப் போச்சே?" என்றார். எழுத்தைப் பொடியாக எழுதியதாகப் பொய் சொன்னோம்.

அவ்வாண்டு மார்கழி முதல் நாள் அந்நோட்டை யாம் படித்தோம். முதற்பெயர் விடுபட்ட இடத்தில் அப்பாயியின் கை சற்றே உயர்ந்தது. யாம் நிறுத்தினோம். கண்களை மூடியவாறே அவர் அப்பெயரையும், வீட்டையும், பொருளையும் தாமே சொன்னார். பின்னர், "மேல படி ராசா" என்றார். அடுத்து விடுபட்ட இடத்திலும் அவ்வாறே. அன்று விடியுமுன் எத்தனை முறை அக்கை உயர்ந்தது என்பதை யாம் எண்ணவில்லை. எண்ணும் துணிவும் இல்லை. அவர் எம்மைக் கடியவில்லை. வீட்டிலும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சுடுநீர் வைத்துத் தந்து, காதுக்குக் கம்பளித் துணி கட்டி, வழக்கம்போல் முதற்பொங்கலை எமக்கே இலையில் இட்டார். அதன்பின் ஆண்டுதோறும் அவ்வாறே நடந்தது. அப்பெயர்களை அப்போதேனும் கேட்டு எழுதிக்கொள்ளும் அறிவு எமக்கு வரவில்லை. 1997ஆம் ஆண்டில் அப்பாயி மறைந்தார். அவ்வாண்டு மார்கழியில் யாம் நோட்டைப் படித்தபோது, விடுபட்ட இடங்களில் ஒருவர் கையும் உயரவில்லை.

பின்னர்ச் சரக்கு அலுவலகத்தில் சேர்ந்தோம். பழைய பதிவேடு நிறைந்து புதியதைத் திறக்கும்போது, தீராத கணக்கு ஒவ்வொன்றையும் சிறிது பெரிது பாராது ஏற்றியாக வேண்டும் என்று மூத்த எழுத்தர் ஒருவர் எமக்குக் கற்பித்தார். இன்று அவ்வேலையைக் கணினி செய்கின்றது. ஆயினும் அவர் கற்பித்த நாளிலேயே அப்பாயியின் நோட்டு எம் நினைவில் வந்து உறுத்தியது. திருக்கோடிக்காவல் சுவரைக் கண்டபோதோ அவ்வுறுத்தல் தாங்க இயலாததாயிற்று. ஒரு பேரரசியார் பகைவர் காலத்துக் கொடையையும் விடாது ஏற்றினார். எழுத்தறியாத ஒரு பாட்டியார் திரி கொடுத்தவரையும் நெஞ்சில் ஏற்றினார். எழுத்தறிந்த யாம் விட்டுவிட்டோம்.

பாட்டியாரை மறவாத குலம்

செம்பியன் மாதேவியாரை அவர் குலம் மறக்கவில்லை. நாகப்பட்டினம் பகுதியில் அவர் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட உத்தம சோழனின் தேவியர் கொடைகள் அளித்தனர். மாமியார் பிறந்தநாளை மருமகளிர் கூடிக் கொண்டாடிய செய்தி கல்லில் இருக்கின்றது! கி.பி. 1019ஆம் ஆண்டில், இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில், அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலில் மாதேவியார் திருவுருவம் நிறுவப்பட்டு, வழிபாட்டிற்கும் வழி செய்யப்பட்டது.

இவ்வம்மையாரின் உருவம் என அறிஞர் பலர் கருதும் செப்புத் திருமேனி ஒன்று, அமெரிக்க நாட்டு வாஷிங்டன் நகரின் பிரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. ஏறத்தாழ மூன்றரை அடி உயரமுள்ள அதனை அக்கலைக்கூடம் 1929ஆம் ஆண்டில் வாங்கியது. படத்திலேயே யாம் அதனைக் கண்டுள்ளோம். வலக்கை ஒரு மலரை ஏந்துவதுபோல் சற்றே உயர்ந்துள்ளது. அதனைக் காணும்போதெல்லாம், மார்கழி இருளில் எம்மை நிறுத்தி, விடுபட்ட பெயரைச் சொல்ல உயர்ந்த இன்னொரு கையே எம் கண்முன் வருகின்றது.

இறுதியாக, அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1958க்கும் 1991க்கும் இடையில் இக்குடியிருப்பில் வாழ்ந்த குடும்பத்தினர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பலரின் மக்கள் ஆண்டு விழாவிற்கு வருகின்றனர். தத்தம் வீட்டிலிருந்து அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு எண்ணெயோ, தேங்காயோ, திரியோ கொடுத்ததாக உங்கள் தாயாரோ பாட்டியாரோ சொல்லக் கேட்டிருப்பின், அதனை அருள்கூர்ந்து எமக்குத் தெரிவிக்க வேண்டுகின்றோம். விழா நாளன்று வாயிலில் நுழைவுச்சீட்டு வழங்கும் மேசைக்கு அருகில் புது நோட்டுடன் அமர்ந்திருப்போம். இதுவரை 11 பெயர்கள் திரும்பக் கிடைத்துள்ளன. எவ்வளவு சிறிய பொருளாயினும் கூறுக. இம்முறை ஒன்றையும் விடாது எழுதிக்கொள்வோம்.